மூன்றரை அடிச் சரிவு

எதிர்வீட்டுக்காரருக்குத் தன் காரை ஒரே திருப்பில் கேட்டுக்குள் நுழைக்க வேண்டும். மொத்த வழக்கும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் காகிதம்.

அந்தக் காருக்கு அவர் உறை போட்டு வைப்பார். காலையில் உறையைக் கழற்றித் துடைத்து எடுத்துக்கொண்டு போவார், சாயங்காலம் கொண்டுவந்து மறுபடி துடைத்துப் போர்த்துவார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் போர்த்தித் தூங்க வைத்து நான் பார்த்ததில்லை. அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் உறைக்காரர். எங்கள் தெரு குறுகல். கேட்டுக்குள் திருப்பும்போது அவர் காரின் முன்சக்கரம் எங்கள் பக்க நடைபாதையில் ஏறி இறங்கும். பல வருஷமாக அப்படித்தான். எங்கள் வாசலில் சிமெண்டுச் சரிவு வந்த பிறகு ஏற இடமில்லாமல் போயிற்று, இரண்டு தடவை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

சரிவு ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பதினொரு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டினார். ஓட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதவர்கள் கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்து, ஏறுகிறவர் சொல்லும் மாடிக்குப் பட்டனை அழுத்த வேண்டும். "நாலு" என்றால் "சரிங்க". "ஒன்பது" என்றால் "சரிங்க". ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஓய்வு பெற்று இரண்டாம் வருஷம் சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வலது கால் பெயருக்கு இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார்.

எங்கள் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே மூன்று படி. உங்களுக்கும் எனக்கும் அது படி, அவருக்கு மலை. நாலு மாசம் வாசலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவரம் செய்துகொள்வதை விட்டுவிட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது, கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

"படியோட நிறுத்தினா செங்குத்தா இருக்கும்கா, நாற்காலி கவுந்துடும். வெளிய ஒரு மூணரை அடியாவது நீட்டணும்" என்றார் கொத்தனார்.

"நீட்டு" என்றேன்.

"நடைபாதையாச்சேக்கா, பர்மிஷன் ஏதாவது..."

"என் வாசலுக்கு நான் யாரைக் கேக்கணும்? நீ கலவையைப் போடு."

இதில் கேவலம் என்னவென்றால், ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவளே நான்தான். முன்னறையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு மேஜை. பட்டா மாற்றம், பெயர் திருத்தம், உதவித்தொகை என்று எந்தப் படிவமானாலும் என்னிடம் வந்துதான் நிரப்பிக்கொண்டு போவார்கள். அனுமதி வாங்காமல் செங்கல்லைத் தொடாதீர்கள் என்று நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

சரிவு காய்ந்த மறுநாள் அவர் சவரம் செய்துகொண்டார். சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். காலை ஆறரைக்குச் சரிவில் இறங்கித் தெருமுனைப் பேப்பர் கடைக்குத் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். அங்கே கடைக்காரரோடு ஒரு மணி நேரம் சண்டை. எந்தத் தலைப்புச் செய்தியானாலும் இருவரும் ஆளுக்கொரு கட்சி. ஏழரைக்குப் பேப்பர் கடைக்காரரே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து ஏற்றிவிடுவார். சாயங்காலம் இன்னொரு தடவை. அவ்வளவுதான் அவருடைய உலகம். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்திரண்டு மணி நேரத்தையும் அவர் பொறுத்துக்கொண்டார். எனக்கு அது தெரியும்.

ஐந்து மாசம் ஓடிற்று. ஒரு நாள் மாநகராட்சி ஆய்வாளர் டேப்போடு வந்து நின்றார். ஒல்லியான மனுஷன், குரலே எழும்பாது. சுவரில் டேப்பின் நுனியை வைத்து என்னையே பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன், அது வேறு.

"படிக்கு வெளிய மூணரை அடி இருக்குதும்மா."

"இருக்கட்டும். அதுக்கென்ன?"

"நடைபாதை ஆக்கிரமிப்பு. புகார் வந்திருக்கு."

"யாரு குடுத்தது?"

"சொல்லக் கூடாதும்மா."

சொல்லவே வேண்டாம். எதிர்வீட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அன்றைக்கென்று ஒரே கண்ணாடியைக் கால் மணி நேரமாகத் துடைத்தார்.

"அவரு கார் சக்கரம் நடைபாதைல ஏறுதே, அதையும் அளங்களேன்" என்றேன்.

"வண்டின்னா போக்குவரத்துத் துறைம்மா. நாங்க கட்டுமானம் மட்டும்தான்."

"ஓ. சக்கரம் இருந்தா ஆக்கிரமிப்பு கிடையாதாக்கும்! அப்ப இவர் நாற்காலிக்கும் சக்கரம் இருக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. நோட்டீஸை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். வீடு அவர் பேரில் இருக்கிறது. பதினைந்து நாளில் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் சில்லறை வழக்குகளுக்கான கோர்ட்டில் ஆஜராகிப் பதில் சொல்ல வேண்டும். நான் பதில் சொல்வதென்று முடிவு செய்தேன். மனு எழுதுவதில் எனக்குக் கர்வம் உண்டு. மருத்துவர் சான்று, புகைப்படம், பேப்பர் கடைக்காரர் கையெழுத்து எல்லாம் வைத்து ஏழு பக்கம் எழுதினேன். ஆனால் அதையெல்லாம் நீதிபதி படிக்க வேண்டுமானால் முதலில் ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும்போது அவர் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் விசாரணை உண்டு, சரிவும் அதுவரை நிற்கும்.

ஒரு வாரம் பழக்கினேன். அடுப்படியிலிருந்து நான் மிரட்டலாகக் கேட்பேன், "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"இல்லைங்க."

"சத்தமா."

"இல்லைங்க!"

"சரிவு நமக்கு வேணும்னா அன்னைக்கு ஒருநாள் மட்டும் உங்க வாய்ல சரி வரவே கூடாது. புரியுதா?"

"சரி" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

கோர்ட் மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, லிஃப்டை ஓட்ட ஆள் இல்லை. நாற்காலியை உள்ளே தள்ளியபோது பட்டன் பலகை சரியாக அவர் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பின்னாலேயே ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். "ரெண்டு" என்றார் ஒரு வக்கீல். "சரிங்க." "நாலுங்க." "சரிங்க." முகமே மாறிவிட்டது அவருக்கு. கூட்டம் இறங்கி ஏற, நாங்கள் மூன்றாவதில் இறங்காமல் மேலே போய்விட்டு வந்தோம். எனக்கும் அவரைப் பார்க்க ஆசையாக இருந்தது, பேசாமல் இருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் முப்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

உள்ளே பெஞ்சுகளில் எங்களைப் போலவே அற்பக் குற்றவாளிகள். குப்பையைக் கிழமை தவறி வெளியே வைத்தவர், நாய்க்கு லைசென்ஸ் எடுக்காதவர், விளம்பரப் பலகையை ஓர் அடி நீட்டியவர். ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேடை மேல் நீதிபதி தலையைத் தூக்காமலே கேட்டார், தலையைத் தூக்காமலே எழுதினார்.

எங்கள் முறை வந்தது. பேர் கூப்பிட்டதும் அவரை முன்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினேன். ஆய்வாளர் தன் குறிப்பை வாசித்தார். "பொதுமக்கள் நடமாட்டத்துக்கு இடையூறாக" என்று வந்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"எந்தப் பொதுமக்களுக்கு? ஒரு ஆளைக் காட்டுங்க! எதிர்வீட்டுக் காருக்குத்தான் இடையூறு. காரு பொதுமக்களா?"

"உட்காருங்கம்மா" என்றார் நீதிபதி.

"உட்காந்து உட்காந்துதான் அவருக்குக் காலே போச்சு!"

இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கோபத்தில் வந்தது. நீதிபதி அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார், தூக்கிக் கதவைக் காட்டினார். ஒரு பெண் போலீஸ் என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்றும் அவர்களேதான் சொல்லியிருக்கிறார்கள்.

கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி. அதன் வழியே பார்த்தேன். நீதிபதி ஏதோ கேட்டார். என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தார், பெஞ்சில் நான் இல்லை. உதடு அசைந்தது. இல்லைங்க என்று சொல்லும்போது தலையும் சேர்ந்து ஆடும். அது ஆடவில்லை.

கையில் கொடுத்த தீர்ப்பு அரைப் பக்கம். குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம், பதினைந்து நாளில் அகற்ற வேண்டும், தவறினால் மாநகராட்சியே அகற்றும். கவுன்டரில் இருந்த குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு ஒத்துக்கல. 'சரிங்க'ன்னுதான் சொல்லியிருப்பாரு."

"அதைத்தானேம்மா சொல்றேன். சரின்னாரு."

"சரின்னா சரின்னு அர்த்தம் இல்லங்க. நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். அது அவரு தொழில்ல வந்த பழக்கம்."

குமாஸ்தா என்னை இரக்கத்தோடுதான் பார்த்தார். படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இதுல ரெண்டே கட்டம்தாம்மா இருக்கு. ஒப்புக்கொண்டார், மறுத்தார். காதுல விழுந்துச்சுங்கறதுக்குக் கட்டம் இல்ல."

வாழ்நாளெல்லாம் கட்டம் நிரப்பிச் சோறு தின்றவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? என் ஏழு பக்கத்தையும் யாரும் வாங்கிக்கொள்ளவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிய்த்துவிட்டேன். ஒரு சொல், ஒரே ஒரு சொல், அதைச் சொல்ல வாய் வரவில்லையா, நாக்கு என்ன அந்த லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டதா என்று கத்தினேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேலேயிருந்து கேட்டாரும்மா. பதறிட்டேன். நீயும் இல்ல."

நான் இல்லாமல் போனதற்கு நான்தானே காரணம். அதோடு இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் சொல்லை அவர் வாயில் ஊட்டியது லிஃப்ட் மட்டும்தானா? கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்வது எதற்கும் அவர் மறுத்துப் பேசியதில்லை. பேச நான் விட்டதும் இல்லை. வெளியே ஐந்நூறு தடவை என்றால் வீட்டில் ஐம்பது தடவை. அதில் எத்தனை தடவை மனசார ஒத்துக்கொண்டார், எத்தனை தடவை காதில் விழுந்தது என்று மட்டும் சொன்னார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு யோசித்தபோது வெட்கமாக இருந்தது.

அபராதத்தைக் கட்டினேன். கட்டிவிட்டு அனுமதிப் பிரிவுக்குப் போனேன். சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்ட முறைப்படி படிவம் இருக்கிறதாம்! எனக்கே தெரியாத படிவம். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கினேன்.

"ஏற்கனவே கட்டினதுக்குக் குடுக்க மாட்டோம். இடிச்சிட்டு வந்து கேளுங்க" என்றார் அங்கே இருந்தவர்.

"இடிச்சிட்டு வந்தா குடுப்பீங்களா?"

கம்ப்யூட்டரில் விலாசத்தைத் தட்டிப் பார்த்தார். "இந்த வாசல்ல குற்றம் ஒத்துக்கிட்டிருக்கீங்களே. ஒரு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது."

"அந்த ஒரு வருஷம் அவரு எப்படி வெளிய வருவாரு?"

"அது எங்க பிரிவு இல்லீங்க."

யார் பிரிவு என்று கேட்டேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பதினாறாம் நாள் காலை ஆறு இருபதுக்கு மாநகராட்சி வண்டி வந்தது. ஆய்வாளர், ஒரு மேஸ்திரி, உடைக்கிற மெஷினோடு இரண்டு ஆள். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு சரிவின் உச்சியில் புறப்படத் தயாராக இருந்தார். நான் வாசலை மறித்து நின்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். ஆய்வாளர் தீர்ப்பின் நகலை மார்பில் அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி பொறுமை இழந்து என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"ஐயா, கொஞ்சம் நகர்ந்துக்குங்க."

அவர் பிரேக்கை எடுத்தார். உள்ளே வருவார் என்று எல்லோரும் வழி விட்டோம். நாற்காலி கீழ்ப்பக்கமாக உருண்டது. மெதுவாக, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து நிதானப்படுத்திக்கொண்டே, தினமும் இறங்குவதைப் போலவே இறங்கிக் குறுக்கே போய்த் தெருவில் நின்றார். பேப்பர் கடைப் பக்கம் திரும்பவில்லை. வீட்டைப் பார்த்து நின்றார்.

"உள்ளேதானே போகச் சொன்னேன்" என்றார் மேஸ்திரி என்னிடம், நான்தான் அவரை உருட்டிவிட்டதைப் போல.

மெஷின் ஓடிற்று. இருபது நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. ஆறு மாசத்து நடமாட்டத்தை மண்வெட்டியால் அள்ளி வண்டியில் போட்டார்கள். பழைய மூன்று படியும் விளிம்பு உடைந்து வெளியே வந்தன. நான் மேல்படியில் நின்றேன், அவர் கீழே. நடுவில் புழுதி.

சத்தம் அடங்கியதும் எதிர்வீட்டுக் கேட் திறந்தது. உறைக்காரர் உறையைக் கழற்றிக் காரை வெளியே எடுத்தார். இனி ஒரே திருப்பில் எடுக்கலாம் அல்லவா, அதைப் பார்க்கும் ஆசை. வளைத்து எடுக்கிற இடத்தில் நாற்காலி இருந்தது. ஒலிப்பானை அடித்தார். இவர் அசையவில்லை. மறுபடி அடித்தார். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"சார், கொஞ்சம் நகருங்க."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எங்கங்க?"

உறைக்காரர் நடைபாதையைப் பார்த்தார். படியைப் பார்த்தார். ஆய்வாளர் டேப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார், மறுபடி திறந்து மறுபடி மூடினார். உடைத்த ஆட்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் என் ஏழு பக்கம் வெறும் பழைய பேப்பர்.

வெயில் ஏறும்வரை என் வீட்டுக்காரர் அங்கேயே இருந்தார். கடைசியில் பேப்பர் கடைக்காரர் வந்து, உடைத்த ஆட்களில் ஒருவனும் கை கொடுக்க, மூட்டை தூக்குவதைப் போல அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். நாற்காலியை நான் தூக்கினேன். கட்டிலில் படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் எழுந்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்து, "உள்ள வச்சிடு" என்றார். எனக்கு அந்த நாலு மாசம் ஞாபகம் வந்தது. அழுதேன். அழுதபின் கோபம்தான் மிச்சமிருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்தேன்.

மறுநாள் காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். எதற்கு என்றார். போடுங்கள் என்றேன். பேப்பர் கடைக்காரர் ஆறேகாலுக்கே வந்துவிட்டார். ஆனால் ஓர் ஆளால் தூக்க முடியாது. நான் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கேட்டைத் தட்டினேன். திறக்கவில்லை. கையில் ஜெராக்ஸ் கடைச் சாவிக்கொத்து இருந்தது, அதால் தட்டினேன். தெருவில் மூன்று ஜன்னல் திறந்தன.

உறைக்காரர் பனியனோடு வந்தார், தூக்கக் கண்.

"என்னம்மா?"

"அவரு வெளிய வரணும். ஒரு கை பிடிங்க. காலைல ஆறரை, ஏழரை. சாயங்காலம் அஞ்சரை, ஆறரை."

"நான் எதுக்கு? நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரனா?"

"இல்ல. எங்க வீட்டுச் சரிவு. இருந்ததை எடுத்தது நீங்க, இனி ஒரு வருஷத்துக்கு அது நீங்கதான்."

"என்னம்மா மிரட்டுறீங்களா? நான் கோர்ட்டுக்குப் போவேன்."

"போங்க. மனு நானே எழுதித் தர்றேன். அதுவரைக்கும் தினமும் நாலு வேளை இந்தக் கேட்டைத் தட்டுவேன். எந்தத் துறை வந்து என்னை அளக்குதுன்னு பாப்போம்."

அவர் என் தலைக்கு மேலாக எதிர்ப்பக்கம் பார்த்தார். எங்கள் மேல்படியில் நாற்காலி விளிம்பு வரை வந்து நின்றிருந்தது. என் வீட்டுக்காரர் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். நான் சாவிக்கொத்தை மறுபடி உயர்த்தினேன்.

உறைக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.